ஒரு நிமிஷப் படத்துக்கு ஒரு மேஜை

பொம்மையைத் துளித் துளியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் போட்டோ எடுத்து வரிசையாக ஓட்டுகிற ஸ்டாப் மோஷன் படம் எடுக்கிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஒரு நிமிஷம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" ஆபீஸ் கேன்டீனில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்பார்கள், மும்பை சயான் ஸ்டேஷனில் வண்டி லேட்டானால் கேட்பார்கள். இதற்கு ஒரு கணக்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் விட்டுப்போனதைப் பிறகு பேசலாம்.

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாத படம், ஓடுகிறது. பொழுதுபோக்காகச் செய்கிற நாங்கள் பெரும்பாலும் 12 படத்தோடு நிறுத்திக்கொள்வோம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு ஓடவிட்டால் 24-க்குச் சரியாக வந்துவிடும். பெரிய ஸ்டுடியோக்களும் பல இடங்களில் இதைத்தான் செய்கின்றன. ஆக, நிமிஷத்துக்கு 720 போட்டோ. பொம்மையின் கையை ஒரு மயிரிழை நகர்த்த வேண்டும், நம் கையை வெளியே எடுக்க வேண்டும், முந்தைய படத்தின் நிழலோடு திரையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், பிறகு பட்டனை அழுத்த வேண்டும். இதற்கு இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1440 நிமிஷம், அதாவது 24 மணி நேரம். ஒரு நிமிஷப் படத்துக்கு ராத்திரி பகல் சேர்த்து ஒரு முழு நாள். ஒரே ஒரு லெகோ பொம்மை, படத்துக்கு அரை நிமிஷம் என்றால் 6 மணி நேரத்தில் தப்பித்துவிடலாம். களிமண் பொம்மை இரண்டு, இரண்டும் வாய் பேசுகின்றன, படத்துக்கு ஐந்து நிமிஷம் என்றால் 60 மணி நேரம்.

இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கும் பெரிய சலுகை ஒன்றும் கிடையாது. இங்கிலாந்தின் ஆர்ட்மன் ஸ்டுடியோ முழுநீளப் படம் எடுக்கும்போது ஓர் அனிமேட்டர் நாள் முழுக்க நின்றால் இரண்டு மூன்று விநாடி தேறும். அங்கே புகழ்பெற்ற இயக்குநர் நிக் பார்க் திரைப்படக் கல்லூரியில் படிக்கும்போது 1982-இல் தொடங்கிய, வாலஸ் என்ற மனிதரும் குரோமிட் என்ற நாயும் வருகிற முதல் களிமண் படம் 1989-இல்தான் முடிந்தது. ஓடுகிற நேரம் 23 நிமிஷம். வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் இந்த உதாரணத்தை எடுத்துவிடுவேன். "அவருக்கு ஆஸ்காருக்குப் பேர் வந்துச்சுங்க. நமக்கு கரண்ட் பில்தான் வருது" என்பாள் மனைவி. பதில் சொல்ல முடியாது.

சரி, கணக்கில் விட்டுப்போனது என்ன? பொம்மை தானாக மேஜைக்கு வந்து நின்றுவிடும் என்று அந்தக் கணக்கு நினைக்கிறது. அது எங்கே வந்து நிற்கிறது? அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி எலும்புக்கூடு செய்ய வேண்டும். ஒற்றைக் கம்பி சீக்கிரம் ஒடியும். முறுக்கிய கம்பியும் ஒடியும், ஆனால் கொஞ்சம் பொறுத்து. முழங்கையும் கணுக்காலும்தான் முதலில் போகும், அதுவும் ஷாட்டின் நடுவில். ஆகவே கையைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்து, ஒரே மாதிரி மூன்று நான்கு கை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கண்ணுக்கு வெள்ளை மணி வாங்கி, அதன் துளையையே கருவிழியாக வைத்துவிடலாம். குண்டூசி நுனியை அந்தத் துளையில் விட்டுத் திருப்பினால் முகத்தில் விரல் படாமல் பார்வை மாறும். எனக்குப் பிடித்த வேலை இது. பொம்மை வேறு எதையும் செய்ய வேண்டாம், கண்ணை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் ஓட்டிவிட்டு ஒருமுறை சிமிட்டினால் போதும், எதையோ யோசிக்கிறது என்று பார்க்கிறவர் நம்பிவிடுவார். ஒரு சிமிட்டலுக்கு மூன்று நான்கு படம். இவ்வளவு மலிவாக வேறு எந்த நடிப்பும் கிடைக்காது.

பிறகு களிமண். தாராவி கும்பார்வாடாவில் பானைக்குப் பிசைகிற மண் இதற்கு உதவாது. விளக்குச் சூட்டில் காய்ந்து வெடித்துவிடும். எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின்தான் வேண்டும், அது காயாது. காயாததுதான் அதன் தொந்தரவும்கூட. மும்பை மே மாதத்தில் அது வெண்ணெயாய் இளகி, தொட்ட இடமெல்லாம் ரேகை பதிந்து, ஹீரோ மெதுவாகக் கூன் விழுந்து நிற்பார். ஃபேன் போடலாமே என்பீர்கள். ஃபேன் போட்டால் காகித மரம் ஆடும், பொம்மையின் பஞ்சுத் தலைமுடி படத்துக்குப் படம் திசை மாறும். அதனால் மே மாதத்தில், ஜன்னலையும் மூடிக்கொண்டு, ஃபேன் இல்லாமல் உட்கார வேண்டியிருக்கிறது. பொம்மையை மட்டும் பத்துப் பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுப்போம். நமக்கு அந்த வசதியும் கிடையாது.

ஜன்னலை ஏன் மூட வேண்டும் என்றால், வெயில் ஓரிடத்தில் நிற்காது. நாம் ஒரு விநாடிப் படத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறோம். அதற்குள் ஒரு மேகம் வந்து போயிருக்கும். ஓட்டிப் பார்த்தால் அந்த ஒரு விநாடிக்குள் உலகம் இருண்டு வெளுக்கும். கறுப்புச் சார்ட் பேப்பரை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் வெயில் பிரச்சினை முடிந்தது. அடுத்தது மின்விளக்கு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சாதாரண விளக்கு விநாடிக்கு நூறு முறை மினுக்குகிறது. கேமராவின் ஷட்டர் மிகக் குறைந்த நேரம் திறந்தால் ஒரு படம் மினுக்கின் உச்சியில் மாட்டும், இன்னொன்று பள்ளத்தில் மாட்டும். அரை விநாடி திறந்து வைத்தால் ஐம்பது துடிப்பும் ஒன்றாகச் சேர்ந்து எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வரும். பொம்மை அசையாமல்தானே நிற்கிறது, அவசரமே இல்லை. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் 'டக்' என்று கிளம்பும்போது விளக்கு ஒரு கணம் மங்குமே, அந்தச் சத்தம் கேட்டால் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். இப்போது எனக்கு அது அனிச்சையாகவே வருகிறது.

இன்னொரு மினுக்கல் இருக்கிறது, அது புதிதாக வருகிறவர்களைப் பைத்தியமாக்கும். எல்லாவற்றையும் மேனுவலில் போட்டிருப்பார்கள், ஃபோகஸ், நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் எதுவும் தானாக மாறாது, விளக்கும் சரியாக இருக்கும். ஆனாலும் படம் துடிக்கும். காரணம் லென்ஸுக்குள் இருக்கிறது. டிஜிட்டல் கேமராவின் லென்ஸ் ஒவ்வொரு படத்துக்கும், வெளிச்சத்தை அளந்து உள்ளே விடுகிற தன் இதழ்களை மூடித் திறக்கிறது. மூடும்போது ஒவ்வொரு தடவையும் அதே அளவுக்கு மூடாது, துளி கூடக்குறைய இருக்கும். தனிப் படத்தில் தெரியாத அந்தத் துளி, வரிசையாக ஓடும்போது தெரியும். இதற்குப் பழைய ஆட்கள் கண்டுபிடித்த வழி: இதழை மூட வைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே லென்ஸைக் கொஞ்சம் திருகி, கேமராவோடு அதன் மின் தொடர்பைத் துண்டித்துவிடுவது. இதழ் அப்படியே உறைந்து நிற்கும். அல்லது கையால் வளையம் திருப்புகிற பழைய லென்ஸ் ஒன்றை, ஃபோர்ட் போரா பஜார் பக்கம் கேமராக் கடைகளில் பேரம் பேசி வாங்கிவிடுவது. ஃபோனில் எடுக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஃபோன் லென்ஸில் இதழ் பெரும்பாலும் அசையாது. அவர்களுக்கு வேறு தலைவலி: நடுவில் யாராவது கால் பண்ணுவார்கள், ஃபோன் அதிர்ந்து ஸ்டாண்டில் ஒரு நூல் நகரும், ஷாட் போச்சு.

இவ்வளவையும் கூட்டினால் படமெடுக்கும் 24 மணி நேரம் மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் நான் சொல்ல வருவது அதுவுமல்ல. மணிக்கணக்கில் எவ்வளவு ஆகும் என்பதைவிட, அந்த மணி எப்படிப்பட்ட மணி என்பதுதான் முக்கியம். நாவல் எழுதுகிறவன் லோக்கல் வண்டியில் நின்றுகொண்டே ஃபோனில் இருபது வரி எழுதலாம். வீணை கற்கிறவள் பத்து நிமிஷம் கிடைத்தால் ஒரு வரிசையைத் திருப்பி வாசிக்கலாம். ஸ்டாப் மோஷனில் பத்து நிமிஷம் என்பது ஒன்றுமே இல்லை. தொடங்கிய ஷாட்டை ஒரே உட்காரலில் முடித்தாக வேண்டும். பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வந்தால், மேஜையில் எதையும் யாரும் தொடவே இல்லை என்றாலும், பொம்மை ராத்திரியில் தன் எடைக்கே கொஞ்சம் இறங்கியிருக்கும். ஜூலை மாதமாக இருந்தால் அட்டையில் செய்த சுவர் ஈரக் காற்றில் ஊதி வளைந்திருக்கும். ஓட்டினால் அந்த இடத்தில் ஒரு வெட்டு, கண்ணில் குத்தும்.

தொட மாட்டார்கள் என்பதும் பேச்சுக்குத்தான். எங்கள் வீடு சயான் கோலிவாடாவில் ஒன் ரூம் கிச்சன். இருப்பது ஒரு மேஜை. அதில்தான் மகளின் ஹோம்வொர்க், இஸ்திரி, விருந்தாளி வந்தால் சாப்பாடு, ஆயுத பூஜை எல்லாம். அந்த மேஜையில் ஓர் அட்டைத் தெருவைக் கட்டி, மேஜைக் கால்களைத் தரையோடு டேப் ஒட்டி, கேமரா ஸ்டாண்டின் மூன்று பாதத்துக்கும் தரையில் சாக்பீஸ் வட்டம் போட்டுவிட்டால், படம் முடிகிறவரை வீடு அந்த மேஜையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். பெருக்க வரும் மாவ்ஷிக்கு என் உடைந்த மராத்தியில் "இதை மட்டும் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறேன். அவரும் பத்திரமாகத்தான் பெருக்குவார், ஆனால் விளக்குமாறு ஸ்டாண்டின் காலை ஒரு தடவையாவது விசாரித்துவிட்டுப் போகும். என் அம்மாவுக்கு இது மொத்தமும் புரியவில்லை. "ஏல, பொம்மை வச்சு விளையாடுற வயசால இது? ஒரு ஓரமாத் தள்ளிவச்சுட்டுச் சாப்பிட்டுட்டு மறுபடி விளையாடேன்" என்பாள். தள்ளி வைக்க முடியாது என்பதுதான் இந்தக் கலையின் முழு இலக்கணமும்.

அதனால் மும்பையில் இதற்கான செலவைச் சதுர அடியில் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. எட்டுச் சதுர அடி மேஜை, இத்தனை வாரம். இந்த ஊரில் எட்டுச் சதுர அடிக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

இது இன்று வந்த கஷ்டமும் அல்ல. 1912-இல் லண்டனிலிருந்து கேமரா வாங்கிவந்த தாதாசாஹேப் பால்கே, கதைப்படத்துக்குப் பணம் போட ஆள் தேடி, முதலில் ஒரு பட்டாணியைத் தொட்டியில் ஊன்றி அது முளைத்துக் கொடியாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் எடுத்தார். கையால் சுற்றும் கேமரா. தினமும் சில ஃபிரேம், ஒரு மாதத்துக்கு மேல். ஓட்டிக் காட்டியபோது ஒரு நிமிஷத்துச் சொச்சத்தில் விதை கொடியாக எழுந்து நின்றது, பார்த்தவர் பணம் தர ஒப்புக்கொண்டார். அதற்கடுத்த வருஷம் 'ராஜா ஹரிச்சந்திரா' கிர்காவ் கொரோனேஷன் தியேட்டரில் வெளியானது. பின்னால் தீக்குச்சிகளை நகரவைத்தும் ஒரு குறும்படம் எடுத்தார். சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் முதலீட்டாளரைப் பற்றி எழுதுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு: பிள்ளைகள் ஓடித் திரிகிற ஒரு வீட்டில் ஒரு மாதம் அந்தத் தொட்டியையும் கேமராவையும் யாரும் இடிக்காமல் பார்த்துக்கொண்டது யார்? அவர் மனைவி சரஸ்வதிபாயாகத்தான் இருக்க வேண்டும். நகையை அடகுக்குக் கொடுத்தவரும் அவர்தான், ஃபிலிமில் துளையிட உட்கார்ந்தவரும் அவர்தான்.

இதெல்லாம் புரிந்த பிறகு கதை எழுதும் முறையே மாறிவிடும். கதை என்ன கேட்கிறது என்று பார்ப்பதற்கு முன், என் ராத்திரி எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். லோயர் பரேலில் வேலை முடிந்து, வீடு வந்து, சாப்பிட்டு, மகள் தூங்கி, மேல் வீட்டில் டிவி அடங்கிய பிறகு மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். விளக்கைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் போனால், மூன்று விநாடி ஷாட் ஒன்றுக்கு 36 படம், 72 நிமிஷம். ஆக ஒரு ராத்திரிக்கு ஒரு ஷாட், அதுவும் மூன்று விநாடிக்கு மேல் போகக் கூடாது. ஒரு நிமிஷப் படத்தை இருபது ஷாட்டாக உடைத்துவிட்டால் இருபது ராத்திரியில் முடியும் என்று திட்டமிடலாம். "கேமரா மெதுவாகத் தெருவைச் சுற்றி வருகிறது" என்று கதையில் எழுதிவிட்டு அதை எடுக்க ஒரு லீவு நாளுக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

நடையையும் தவிர்க்கலாம். பொம்மையை நடக்க வைப்பது போன்ற அராஜகம் வேறில்லை. ஒரு கால் அந்தரத்தில் நிற்கும்போது மொத்த எடையும் மற்ற காலில். அந்தப் பாதத்தை மேஜைக்கு அடியிலிருந்து திருகாணியால் இழுத்துப் பிடிக்க வேண்டும், அடுத்த அடிக்கு அதைக் கழற்றி வேறு துளையில் மாட்ட வேண்டும். இல்லையா, முதுகில் ஒரு கம்பியைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் அந்தக் கம்பியை அழிக்க வேண்டும். இதற்காகவே ஷாட் தொடங்குமுன் பொம்மை இல்லாத வெற்றுப் பின்னணியை ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். அனுபவஸ்தர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? இடுப்புக்கு மேலே மட்டும் காட்டுவார்கள். பொம்மை லேசாக ஏறி இறங்கி நகரும், காலடிச் சத்தத்தைப் பின்னால் சேர்த்துவிடுவார்கள். எல்லோரும் நடப்பதாகவே நம்புவார்கள்.

2000-களில் டிவியில் வந்த அமரான் பேட்டரி களிமண் விளம்பரங்கள் நினைவிருக்கிறதா? மும்பையில் செய்தவை. நீண்ட நாள் உழைக்கும் என்பதுதான் அதில் பேட்டரிக்குச் சொன்ன பெருமை. அதை எடுத்தவர்களுக்கும் அது பொருந்தியிருக்கும். எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது அவற்றைப் பார்த்துத்தான்.

எடுக்கிறவர்களிடம் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். படத்தைப் போடுவதற்கு முன்பே "இதற்கு நான்காயிரம் போட்டோ எடுத்தேன், ஆறு மாதம் ஆயிற்று" என்று அறிவித்துவிடுவார்கள். பார்க்கிறவர் அதற்குப் பிறகு படத்தைப் பார்ப்பதில்லை, மரியாதைக்குத் தலையாட்டுகிறார். ஆறு மாதம் எடுத்த மோசமான படமும் உண்டு. இன்னொரு பக்கம், "இந்த ஆப் இருந்தால் குழந்தைகூட ஒரே மணி நேரத்தில் படம் எடுக்கலாம்" என்று விளம்பரம் செய்கிறவர்கள். எடுக்கலாம்தான், பென்சில் மேஜையைக் கடந்து போகிற படம். ஏஐ-யிடம் கேட்டால் களிமண் பொம்மை போலவே செய்து தருமே என்று ஆபீஸ் பையன்கள் சொல்கிறார்கள். தரட்டும். நடு ராத்திரியில் குண்டூசியால் கண்ணைத் திருப்புகிற சுகத்துக்காக இதற்குள் வந்தவனிடம் போய் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

டோம்பிவிலியில் இருக்கும் என் தங்கை மகன், எட்டாவது படிக்கிறான், லெகோவில் எடுக்கிறான். எங்கள் குடும்பத்தில் இதைப் புரிந்துகொண்ட இன்னொரு ஆள் அவன்தான். தீபாவளி லீவுக்கு ஒரு படம் யோசித்திருந்தான்: காலை நேர டோம்பிவிலி பிளாட்ஃபாரம், ஃபாஸ்ட் லோக்கல் வருகிறது, கூட்டம் ஏறுகிறது, ஒருத்தர் மட்டும் ஏற முடியாமல் நிற்கிறார். நல்ல கதை. கூட்டத்துக்கு முப்பது பொம்மை என்றான். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் முப்பது பேரையும் நகர்த்த வேண்டும், ஓர் ஆளுக்குப் பத்து விநாடி என்றாலும் படத்துக்கு ஐந்து நிமிஷம், ஏறுகிற காட்சி எட்டு விநாடி ஓடினால் 96 படம், எட்டு மணி நேரம். அதில் நடுவில் ஒருத்தன் சாய்ந்தால் பக்கத்தில் இருக்கிற நாலு பேரையும் சாய்ப்பான். "அம்மா உனக்கு மேஜையை எத்தனை நாள் தருவாங்க?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து தங்கச்சி, "அண்ணே, பலகாரம் செய்யணும், லட்சுமி பூஜைக்கு முந்தின நாள் வரைக்கும்தான்" என்று குரல் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஃபோன் பண்ணினான். முப்பது பேரையும் தனித்தனியாக நிறுத்தவில்லையாம். நீளமான அட்டை ஒன்றில் நெருக்கமாக ஒட்டிவிட்டானாம். அட்டையை இழுத்தால் மொத்தக் கூட்டமும் கதவுக்குள் போகிறது, ஓரத்தில் இருக்கிற இரண்டு பேரின் கையை மட்டும் அவ்வப்போது அசைக்கிறான்.

"டேய், எல்லாரும் ஒண்ணா வழுக்கிட்டுப் போறது பார்க்கிறவங்களுக்குத் தெரியாதா?"

"மாமா, நீங்க எட்டு அஞ்சு ஃபாஸ்ட்ல ஏறிப் பார்த்திருக்கீங்களா? அங்க யாரு தன் காலால ஏறுறா?"

காட்சி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஏற முடியாமல் நிற்கிறவருக்குத்தான் மீதி நேரமெல்லாம் போயிற்று. லெகோ கண்ணை உருட்டாது, முழங்கால் மடங்காது, தலையும் இடம் வலமாக மட்டும்தான் திரும்பும். வண்டி கிளம்பிப் போவதை அவர் பார்ப்பதற்கு எத்தனை படம் விட வேண்டும், திரும்பி, அடுத்த வண்டியைக் காட்டும் இண்டிகேட்டரைப் பார்ப்பதற்கு முன் எத்தனை படம் சும்மா நிற்க வேண்டும் என்று இப்போதும் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் 18 என்கிறேன், அவன் 30 என்கிறான்.